கிளிக்குத் தீனி உண்டு, வீடுதான் இல்லை: கொங்கு நாட்டுக் கிளிகளைக் காக்க ஒரு முழு வழிகாட்டி

பச்சைக்கிளி இனமே அழியப்போகிறது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். நம் தோட்டங்களின் மேல் கீச்சிட்டுக்கொண்டு பறக்கும் செந்தார்ப் பைங்கிளி, லண்டன் பூங்காக்களில்கூடக் குடியேறி ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. உலகக் கணக்கில் அதற்கு ஆபத்து இல்லை. ஆனால் லண்டன் கணக்கை வைத்துக் காங்கேயத்துக் கொறங்காட்டு (வேலியடைத்த மேய்ச்சல் காட்டு) கிளியின் நிலைமையைச் சொல்ல முடியாது. வால்பாறைப் பக்கம் இருக்கும் நீலச்சிறகுக் கிளியின் கதையோ முற்றிலும் வேறு. அது மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. இங்கே போனால் மொத்தமாகப் போனதுதான்.

கொங்கு நாட்டில் கிளிக்குத் தீனிப் பஞ்சம் கிடையாது. சோளம், மக்காச்சோளம், சூரியகாந்தி, கொய்யா, மா, வேப்பம்பழம், கொடுக்காப்புளி என்று வருஷம் முழுக்க ஏதாவது விளைந்துகொண்டேதான் இருக்கிறது. முட்டையிடத்தான் இடமில்லை. கிளி காக்கையைப்போல் குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது, பொந்தில்தான் முட்டையிடும். அந்தப் பொந்தையும் பச்சை மரத்தில் புதிதாகக் குடையாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன துளையையோ, கிளை முறிந்து உளுத்த குழியையோ பிடித்து, அலகால் கொறித்து அகலமாக்கிக்கொள்ளும். பொந்து விழுவதற்கு மரம் முதிர வேண்டும், அல்லது பட்டுப்போக வேண்டும். முதிர்ந்த மரத்தை நாம் சாலைக்காக வெட்டுகிறோம், பட்ட மரத்தை விறகுக்கு வெட்டுகிறோம். கிளியின் சிக்கல் மொத்தமும் இதில் அடங்கிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் பொந்தைச் சுற்றியே போகும்.

வெளிநாட்டு அனுபவமும் இதையேதான் சொல்கிறது. நம் பச்சைக்கிளிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க எக்கோ கிளி, இந்தியப் பெருங்கடலில் மொரீசியஸ் தீவில் இருக்கிறது. அந்தத் தீவின் இயற்கைக் காடு ஏறக்குறைய முழுதும் அழிந்துபோனதால், 1980-களில் பத்துப் பன்னிரண்டு பறவைகள்தான் மிச்சம். இயற்கைப் பொந்துகளைச் செப்பனிட்டார்கள், முட்டையிட மரப்பெட்டி மாட்டினார்கள், குஞ்சுகளைக் கண்காணித்தார்கள். இன்று அங்கே நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. கோஸ்டாரிக்காவின் கரீபியன் கடலோரச் சமவெளிக் காட்டில் வாழும் பெரும் பச்சை மக்கா என்ற பெரிய கிளிக்கு அல்மெண்ட்ரோ என்ற ஒற்றை மரவகையே பெரும்பாலும் தீனியும் கூடுமாக இருக்கிறது. அந்த மரத்தை மரக்கடைக்கு வெட்ட வெட்ட மக்காவும் குறைந்துகொண்டே வந்தது. நமக்குக் கடலோரக் காடு இல்லை. பவானி, மோயாறு, நொய்யல், அமராவதி, ஆழியாறு ஆகியவற்றின் கரைக்காடும், அதற்கு வெளியே பனையும் புளியும் நிற்கும் மேய்ச்சல் காடும்தான் நம்முடையவை.

முதல் வேலை: எந்தக் கிளி என்று பார்க்கப் பழகுங்கள்

சமவெளியில் நாம் பார்ப்பதில் பெரும்பங்கு செந்தார்ப் பைங்கிளி. ஆணுக்குக் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் உண்டு. பெண்ணுக்கு அது தெளிவாக இருக்காது. ஆணுக்கும் ஏறக்குறைய மூன்று வயதாகும்போதுதான் ஆரம் முழுதாக வரும். எனவே ஆரம் இல்லாத கிளி எல்லாம் பெண் என்று எழுதி வைக்காதீர்கள்.

மலையடிவாரத்துக்குப் போனால் செந்தலைக் கிளி. ஆனைகட்டி, சத்தியமங்கலம், உடுமலைக்குத் தெற்கே அமராவதிப் பக்கம் எல்லாம் பார்க்கலாம். ஆணின் தலை பிளம் பழ நிறத்தில் இருக்கும், வால் நுனி வெள்ளை. பச்சைக்கிளியின் கிறீச்சுக் குரல் இதற்குக் கிடையாது. மென்மையாக ‘டூயி, டூயி’ என்று கேட்கும். காட்டையொட்டிய சோளக் காடுகளில் கூட்டமாக இறங்கும்.

வால்பாறை, டாப்சிலிப் உயரத்தில் நீலச்சிறகுக் கிளி. சாம்பலும் பச்சையும் கலந்த உடல், நீலச் சிறகு. ஆணுக்கு நீலப்பச்சைக் கழுத்து வளையம், சிவந்த மேல் அலகு. முள்முருங்கைப் பூவில் தேன் குடிக்க வரும்போது நன்றாகப் பார்க்கலாம். அதே காட்டில் சிட்டுக்குருவி அளவே உள்ள ஒரு குட்டிக் கிளியும் உண்டு. உடல் பச்சை, முதுகின் அடிப்பக்கம் சிவப்பு. இரவில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கித் தூங்கும். மேலே பறந்துபோகும்போது குரலை வைத்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும்.

பெரிய பச்சைக்கிளி என்று இன்னொன்று இருக்கிறது. தோள்பட்டையில் சிவப்புத் திட்டு, கனத்த அலகு. நம் பக்கம் அரிது. குஞ்சு பிடித்து விற்பவர்களால் பெரிதும் அடிபட்டு, உலக அளவில் ஆபத்தை நெருங்கும் பட்டியலில் இருப்பது. கூண்டில்தான் இதைப் பார்க்க நேரும். அப்படிப் பார்த்தால் எட்டாவது வேலையை உடனே படியுங்கள்.

இரண்டாவது: பொந்து மரங்களைக் கணக்கெடுங்கள்

கிளிகளை எண்ணுவதற்கு முன் வீடுகளை எண்ணுங்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு கிலோமீட்டர் போதும். மார்கழியிலிருந்து மாசி வரை காலை வெயில் ஏறும் முன் நடந்தால், ஜோடி ஜோடியாகப் பொந்து தேடி வரும் கிளிகள் கண்ணில் படும். ஒன்று உள்ளே தலையை விட்டுப் பார்க்கும், மற்றது பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்தும். அந்த மரம்தான் உங்கள் கணக்கில் முதல் மரம்.

ஆள் குடியிருக்கும் பொந்தின் விளிம்பு புதிதாகக் கொறித்தது மாதிரி வெளிறி இருக்கும். கீழே மரத்தூள் சிதறியிருக்கும், எச்சத்தின் வெள்ளைக் கோடு இறங்கியிருக்கும். பழைய, கைவிட்ட பொந்தின் விளிம்பு கறுத்துப்போய்ச் சிலந்தி வலை கட்டியிருக்கும். மரத்தின் பெயர், தோராயமான உயரம், பட்டதா பச்சையா, யார் நிலம் என்ற நான்கையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இடத்தைப் பதிந்து வைத்தாலும் சரி. ஆனால் அந்த இடக்குறிப்பை வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடவே கூடாது. கூடு இருக்கும் மரத்தின் படத்தை இடத்தோடு போடுவது, குஞ்சு பிடிப்பவனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

கிளிகளை எண்ண ஆசை இருந்தால் அந்தியில் அடையும் மரத்துக்குப் போங்கள். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், ஆளுக்கொரு திசை பார்த்து நின்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து சேர்ந்தவற்றை எழுதிக்கொண்டே வாருங்கள். இருட்டும்போது மொத்தமாக எண்ணப் பார்த்தால் கணக்கு வராது. அந்த எண்ணிக்கையை இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிடலாம். தை மாதம் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டால் பழகியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். கோவைக்காரர்களுக்கு ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருப்பது கூடுதல் வசதி.

மூன்றாவது: மொட்டைப் பனையை விட்டுவையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காசு செலவு இல்லை, வேலையும் இல்லை.

பனையின் வெளிப்பக்கம் வைரம் பாய்ந்த கட்டை, உள்ளே சோறு என்கிற மென்மையான பகுதி. இடி விழுந்தோ வயதாகியோ கொண்டை போனபின், உள்சோறு உளுத்துக் கொட்டிவிடும். வெளிச்சுவர் மட்டும் குழாய் மாதிரி நிற்கும். மழைக்கும் வெயிலுக்கும் பல வருஷம் அப்படியே நிற்கக்கூடியது. கிளிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. வழவழப்பான நெட்டை மரம், கிளை கிடையாது, பாம்பும் பூனையும் ஏறச் சிரமப்படும்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டில் இதைக் கிட்ட இருந்து பார்க்கலாம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல், நடுவில் ஒரு மொட்டைப்பனை. கீழே மாடு மேய்ந்துகொண்டிருக்கும். மேலே மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஒரு துளை. அதில் ஒரு சிவப்பு அலகும் ஒரு கண்ணும் மட்டும் தெரியும். நாம் நடந்தால் அந்தக் கண்ணும் கூடவே திரும்பும். நின்றால் அதுவும் நிற்கும். மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால், தலையை முழுக்க வெளியே நீட்டி எட்டிப் பார்க்கும். அப்புறம்தான் ஒரு கத்துக் கத்திவிட்டு வெளியே பாயும். அதே மரத்தில் இன்னும் கீழே ஒரு பொந்தில் மைனா, உச்சியில் பனங்காடை என்று மூன்று குடும்பம் இருப்பதும் உண்டு.

இப்படி நிற்கும் மரத்தைத் தள்ளிவிடச் சொல்லி யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வழக்கமான பேச்சு இப்படி இருக்கும்:

“ஏனுங்ணா, இந்த மொட்டைப்பனையத் தள்ளி உட்டர்லாங்களா? சும்மாதான நிக்குதுங்க.”

“வேண்டாஞ் சாமி, அதுல கிளி கெடக்குது. இருந்துட்டுப் போவுது உடு.”

இந்த ஒரு பதில் போதும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசும்போது கிளியை மட்டும் சொல்லாதீர்கள், புள்ளி ஆந்தையையும் சொல்லுங்கள். அதே பொந்தில் குடியிருக்கும் ஆந்தை ராத்திரியில் எலி பிடிக்கும். நெல், கடலை போடுகிறவருக்குக் கிளியைவிட ஆந்தையின் பெயர்தான் காதில் ஏறும். இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, உண்மைதான்.

பச்சைப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தது. செங்கல் சூளைக்கு லோடு லோடாகப் பனை போன காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பட்ட பனையை யாரும் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. அதனால் அதை நாமேதான் காக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் விட்டுவைக்க முடியாது என்பதும் சரிதான். வீடு, மாட்டுச் சாளை, மின்கம்பி, ஆள் நடக்கும் தடம் ஆகியவற்றிலிருந்து, மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நின்றால் விட்டுவிடுங்கள். கிட்ட இருந்தால் முழுசாகத் தள்ளாமல், பொந்துக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் அறுத்து உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கிளி இல்லாத ஆடி, ஆவணியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னையின் கதை கொஞ்சம் சிக்கலானது. பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் வேர்வாடல் நோய் வந்து தோப்புத் தோப்பாக மரங்கள் போகின்றன. கொண்டை போன தென்னையிலும் கிளி முட்டையிடும். வேர்வாடலைப் பரப்பும் கிருமி உயிருள்ள மரத்தின் சாற்றில்தான் இருக்கும், பூச்சிகள்தான் அதைக் கடத்தும். எனவே காய்ந்து கொண்டை போன மரத்தால் அந்த நோய் பரவாது. ஆனால் மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், சாகும் தறுவாயில் இருக்கும் மரத்தில் சிவப்புக் கூன்வண்டு பெருகும். இதை மறைத்துவிட்டு விவசாயியிடம் ‘கிளிக்காக விட்டுவையுங்கள்’ என்று கேட்பது நியாயமாக இருக்காது. நான் சொல்வது இதுதான். தோப்புக்கு நடுவில் உள்ளதை எடுத்துவிடுங்கள். வரப்போரம் நன்றாகக் காய்ந்து நிற்கும் ஒன்றிரண்டை மட்டும் விடுங்கள். எருக்குழியில் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம் இட்டு, இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த தண்டைத் தோப்புக்குள் மட்க விடாதீர்கள். புதிதாக நட்ட கன்றுத் தோப்பு என்றால் அந்த ஒன்றிரண்டும்கூட வேண்டாம்.

நான்காவது: கவாத்துக்கு மாதம் பாருங்கள்

மார்கழிக் கடைசியிலிருந்து சித்திரை வரை பெரிய மரத்தில் கத்தி வைக்காதீர்கள். பச்சைக்கிளி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முட்டை இடும். மூன்று வாரத்துக்குச் சற்று மேல் அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் ஆறேழு வாரம் ஆகும். ஆக, ஒரு பொந்தில் ஒரு குடும்பம் முழுதாக இரண்டரை மாதம் குடியிருக்கிறது. இடையில் கிளை இறங்கினால் அந்த வருஷக் குஞ்சு அவ்வளவுதான். புளி உலுக்குபவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். புளியம்பழம் உலுக்குவதும் கிளி குஞ்சு பொரிப்பதும் ஒரே பருவம்.

ஐந்தாவது: நடுவது

பொந்துக்காக நடுவது பேரன் காலத்துக்கான வேலை. அதனால் இரண்டு வகையாகப் பிரித்து நடுங்கள்.

சீக்கிரம் பலன் தருபவை மென்மரங்கள்: இலவு, கல்யாண முருங்கை, அத்தி. இவற்றில் மரங்கொத்தியும் குக்குறுவானும் சீக்கிரமே துளை போடும். பூவும் பழமும் தீனியாகும். கல்யாண முருங்கை, அத்தி, ஆல் மூன்றையும் நாற்றுப்பண்ணைக்குப் போகாமல் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டியே நட்டுவிடலாம். கைத்தடிப் பருமனுக்கு மேல் உள்ள, ஆறேழு அடி நீளப் போத்தாகப் பார்த்து, மழைக்கு முன் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி, மேல்வெட்டில் சாணி அப்பிவிடுங்கள். கிளுவை வேலி போடத் தெரிந்த ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை.

இன்னொரு வகை நீண்ட காலத்துக்கு நிற்பவை. ஆற்றங்கரைக்கும் ஓடைக்கரைக்கும் நீர்மருது, நாவல், இலுப்பை, புங்கன். மேட்டுக்காட்டுக்குப் புளி, வேம்பு, பனை. மோயாற்றங்கரையிலும் பவானிக் கரையிலும் நிற்கும் கிழட்டு நீர்மருதுகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம். வெளுத்த அடிமரத்தில், கிளை முறிந்த இடத்தில் எல்லாம் குழி விழுந்திருக்கும். பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசியில் பழம் விழுந்தவுடன் பொறுக்கி, பத்தடிக்கு ஒன்றாக வரப்பிலேயே ஊன்ற வேண்டும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அறுந்துபோகும்.

கரையில் நடுவதற்கு முன் ஒரு விஷயம். ஆற்றுப் புறம்போக்கில் நட நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும். இல்லாமல் நட்டால் அடுத்த தூர்வாரலில் ஜேசிபி வந்து வழித்துவிட்டுப் போய்விடும். பட்டா நிலத்தின் ஆற்றோரத்தில் நடுவதுதான் நிம்மதி. சீமைக்கருவேலத்தை ஒரேயடியாக அகற்றிவிட்டு வெட்டவெளியில் கன்று வைப்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வரிசை வரிசையாக எடுத்து, அந்த இடைவெளியில் நடுங்கள். கன்றுக்குக் காற்றுத் தடுப்பாவது மிஞ்சும்.

மலைத் தோட்டக்காரர்களுக்கு வேறு கணக்கு. நிழலுக்கு சில்வர் ஓக் மட்டுமே நிற்கும் தேயிலைத் தோட்டத்தில் நீலச்சிறகுக் கிளிக்கு அதிகம் வேலையில்லை. சோலை மரங்களை நிழலாக வைத்த காப்பித் தோட்டத்துக்கு அது வரும். வால்பாறையில் தனியார் எஸ்டேட்டுகளுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும் மழைக்காட்டை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2000-களின் தொடக்கத்திலிருந்து மண்ணின் மரங்களை நட்டு மீட்டுவருகிறது. அவர்கள் வழி எளிமையானது: அந்தக் காட்டிலேயே, சாலையோரம் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி, நாற்றாக்கி, அதே உயரத்தில் நடுவது. சமவெளிக்கும் இதுவே பொருந்தும். எங்கிருந்தோ லாரியில் வரும் கன்றைவிட உங்கள் ஓடைக்கரை இலுப்பையின் விதை மேல்.

ஆறாவது: பெட்டி மாட்டுவது

பெட்டியை ஆறாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பட்ட மரத்தை வெட்டிவிட்டுப் பெட்டி மாட்டுபவர்களைப் பார்த்தாயிற்று. மரமே இல்லாத இடத்துக்குத்தான் பெட்டி.

அடிப்பலகை 25 சென்டிமீட்டர் சதுரம், உயரம் 60, முன்பலகையின் மேல்பகுதியில் 7 முதல் 8 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை. பலகை தடிப்பாக இருக்கட்டும், கிளி கொறிக்கும். உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. துளைக்குக் கீழே உள்சுவரில் குறுக்கே கீறல்கள் போட்டுவிடுங்கள், குஞ்சு ஏறிவர வேண்டும். அடியில் நீர் வடிய நாலு சின்ன ஓட்டை, அடிப்பலகையின் மேல் இரண்டங்குலத்துக்கு மரச்சீவல். பலகைக்குச் செலவழிக்க வேண்டாம் என்றால், உளுத்த தென்னந்தண்டில் இரண்டரை அடித் துண்டு எடுத்து, உள்ளே குடைந்து, மேலும் கீழும் பலகை அடித்தாலும் போதும். கிளிக்கு அதுதான் பழக்கமான வீடு.

பதினைந்து அடிக்குக் குறையாத உயரத்தில், கிழக்கு பார்த்து, மேற்கு வெயில் படாமல் கார்த்திகைக்குள் மாட்டிவிடுங்கள். அடிமரத்தைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தகரம் அடித்தால் சாரையும் உடும்பும் ஏறாது. முதல் வருஷம் மைனா வரும், அணில் வரும், பொந்துத்தேனீகூட வரும். வரட்டும். ஆனி மாதம் இறக்கிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுங்கள். குஞ்சு இருக்கும்போது தினமும் ஏணி போட்டு எட்டிப் பார்ப்பதைவிடப் பெட்டி மாட்டாமலே இருக்கலாம். காப்புக்காட்டுக்குள் மாட்ட வனத்துறை அனுமதி வேண்டும்.

ஏழாவது: விளைச்சலில் கிளி இறங்கினால்

கிளியால் நட்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டு விவசாயியிடம் போகாதீர்கள். சூரியகாந்தியில் கூட்டமாக இறங்கினால் ஓரத்து வரிசைகள் சல்லடையாகிவிடும். தின்பதைவிடக் கொறித்துப் போடுவது அதிகம்.

ஊரில் ஒருவர் மட்டும் அரை ஏக்கர் சூரியகாந்தி போட்டால் சுற்றுவட்டாரக் கிளி முழுக்க அங்கேதான் வரும். நாலு பேர் பேசி ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்கிட்டுப் போகும். கிளி இறங்குவது பொழுது விடிந்து இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் மாலை நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் காவல் காப்பது வீண். மணி பால் பிடித்து முற்றும் வரையிலான வாரங்கள்தான் கண்டம், அதுவரை ஆள் நின்றால் போதும். மினுக்கு நாடாவை முறுக்கிக் கட்டினால் வெயிலில் பளிச்சிட்டு, காற்றில் விர்ரென்று சத்தம் போடும். ஒரே இடத்தில் விட்டால் சில நாளில் கிளி பழகிக்கொள்ளும், இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெடியும் அப்படித்தான். வள்ளி பரண் மேல் நின்று ஆலோலம் பாடி ஓட்டியது சும்மா இல்லை. ஆள் அசைவுக்கு ஈடான உபாயம் இன்னும் வரவில்லை.

கொய்யாவுக்குக் காய் உறை போடுவது நல்லது. வலை போடுவதானால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, தினமும் பாருங்கள். தொங்கவிட்ட நைலான் வலையில் கிளியைவிடச் சாரையும் ஆந்தையும்தான் அதிகம் சிக்கிச் சாகும். மருந்து தோய்த்த தானியத்தை வரப்பில் வைப்பது வனஉயிர்ச் சட்டப்படி வேட்டைதான். மயிலும் கோழியும் சேர்ந்தே சாகும்.

எட்டாவது: கூண்டுக் கிளி

இந்தியக் கிளி எதையும் பிடிக்கவோ விற்கவோ வாங்கவோ வளர்க்கவோ கூடாது. உள்நாட்டுப் பறவை வியாபாரத்துக்கு 1990-91-லேயே தடை வந்துவிட்டது. 1972 வனஉயிர்ச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தபின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ‘பாட்டி ஆசையா வளர்த்ததுங்க’ என்பது சட்டத்தில் எடுபடாது. லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் போன்ற வெளிநாட்டுப் பறவைகளுக்கு விதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

குஞ்சு பிடிப்பவர்கள் மாசி, பங்குனியில் வருவார்கள். பொந்துக்குக் கை எட்டாவிட்டால் மரத்தையே வெட்டிப் பிளப்பதும் உண்டு. குஞ்சோடு பொந்தும் போகிறது, அடுத்த வருஷம் அந்த ஜோடிக்கு இடமில்லை. சந்தையில் கிளி விற்பதையோ, கோயில் வாசலில் சோசியக் கிளியையோ பார்த்தால் சண்டை போட வேண்டாம், காசு கொடுத்து மீட்கவும் வேண்டாம். காசு கொடுத்தால் அவர் அடுத்த குஞ்சுக்கு மரம் ஏறுவார். வனச்சரக அலுவலகத்துக்கோ மாவட்ட வன அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலேயே கிளி இருக்கிறது என்றால் திறந்து பறக்கவிட்டுவிடாதீர்கள். வெட்டிய சிறகு இறகு உதிர்ந்து முளைக்க ஒரு வருஷம்கூட ஆகும். காக்கை கொத்தும், பூனை பிடிக்கும், தீனி தேடவும் தெரியாது. நோய் வேறு இருக்கிறது. மொரீசியஸில் எக்கோ கிளிகள் தலையெடுத்துவந்த நேரத்தில், 2000-களின் நடுவில், அலகையும் இறகையும் சிதைக்கும் ஒரு வைரஸ் நோய் பரவி மீட்பு வேலையையே உலுக்கியது. கூண்டில் அடைத்த கிளிகளிடம் உலகெங்கும் காணப்படும் நோய் அது. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். பரிசோதித்து, பறக்கத் தேறியதை மட்டும் காட்டில் விடுவது அவர்கள் பாடு.

ஒன்பதாவது: கீழே விழுந்த குஞ்சு

இறகு முளைத்து, தத்தித் தத்திப் பறக்கப் பார்க்கும் குஞ்சு என்றால் நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தாய் வரும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. இறகே இல்லாத குஞ்சு என்றால், பொந்து எட்டுமானால் திரும்ப வையுங்கள். முடியாவிட்டால் ஒரு அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடியில் ஓட்டை போட்டு, கதகதப்பான இருட்டில் வைத்து வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ கொண்டுபோங்கள். பாலும் ரொட்டியும் கொடுக்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறிச் செத்துவிடும்.

பத்தாவது: சாலையோரப் புளிக்கு மனு

நம் சாலைகளின் பழைய புளியமரங்கள் பலவற்றில் இரண்டு மூன்று பொந்தாவது இருக்கும். அகலப்படுத்தும்போது முதலில் போவது அவைதான். அரசு நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆட்சியர்தான் அதன் தலைவர். மரத்தில் எண் எழுதிச் சிவப்பு வளையம் போட்டபின் போய் நின்றால் காலம் கடந்திருக்கும். சாலைத் திட்டத்தின் அறிவிப்பு வந்ததுமே மனுக் கொடுக்க வேண்டும்.

எல்லா மரத்தையும் விடுங்கள் என்று கேட்டால் ஒன்றுமே கிடைக்காது. இரண்டாவது வேலையில் எழுதிய நோட்டை எடுத்து, பொந்து உள்ள மரங்களை மட்டும் தனியாகக் குறியுங்கள். மரத்துக்கு ஒரு படம், பறவை உள்ளே போகும் படம் இருந்தால் அதுவும், எடுத்த தேதியோடு. எந்த மரத்தைத் தடுப்புச்சுவருக்குள் விட முடியும், எந்த இடத்தில் சாலையை ஒரு பக்கமாக மட்டும் அகலப்படுத்தலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆனிக்குப் பின் வெட்டச் சொல்லுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு, மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள். வனச்சரகருக்கு ஒரு நகல், நெடுஞ்சாலைத்துறைக் கோட்டப் பொறியாளருக்கு ஒரு நகல்.